பள்ளியில் இனப் பாகுபாட்டைக் களையும் குழு: புதிதாகச் சேர்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோருக்கு என்றாவது ஒருநாள் இப்படி ஒரு மின்னஞ்சல் வரும்: எங்கள் பள்ளியின் சமத்துவக் குழுவில் சேர விருப்பமா? ஆசிரியர்களுக்கும், நூலகம், இளைஞர் மன்றம், உணவு வங்கி போன்ற இடங்களில் வேலை செய்பவர்களுக்கும் அது அழைப்பாக வராது, பொறுப்பாக வந்து தலையில் விழும். குழுவின் பெயர் பெரிதாக இருக்கும். முதல் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால், என்ன செய்ய வேண்டும் என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரிந்திருக்காது. அப்படிப்பட்ட குழுவில் சேர்பவர்களுக்கும், அதற்குப் பயிற்சி ஏற்பாடு செய்யச் சொல்லி மாட்டிவிடப்பட்டவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊழியர்களின் மனதை மாற்றுவோம் என்று கூடும் குழுக்கள் நிறையப் பேசும், கண்கலங்கும், ஓராண்டில் களைத்துப்போகும். ஒரு விதியையோ படிவத்தையோ நடைமுறையையோ மாற்றுவோம் என்று கூடும் குழுக்கள்தான் எதையாவது விட்டுச் செல்லும். பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த விதி யாரைத் தடுக்கிறது என்று கண்டுபிடிக்கவும், அதை மாற்றவும் கற்றுக்கொடுப்பதுதான் பயிற்சியின் வேலை.

ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் கவுன்டி பள்ளி மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ‘கிஃப்டட்’ வகுப்புக்கு, அதாவது தனித் திறமையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புக்கு, யாரைச் சோதிப்பது என்பது அதுவரை ஆசிரியர், பெற்றோர் பரிந்துரையைப் பொறுத்திருந்தது. 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரு சிறு முன்தேர்வு வைத்தார்கள். அதில் நன்றாகச் செய்தவர்களை முழுச் சோதனைக்கு அனுப்பினார்கள். தகுதி மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரு பொருளியலாளர்கள் பின்னர் கணக்கிட்டுப் பார்த்தபோது, வகுப்பில் சேர்ந்த ஹிஸ்பானிக் பிள்ளைகளின் விகிதம் 130 சதவீதமும் கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் 80 சதவீதமும் உயர்ந்திருந்தன. அப்புறம் பணத் தட்டுப்பாட்டில் அந்த முன்தேர்வை நிறுத்தினார்கள். கிடைத்த முன்னேற்றமும் கூடவே போய்விட்டது. ஒரு நடைமுறை வந்தபோது பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், அது போனபோது வெளியே நின்றார்கள். யாருடைய உள்ளத்தையும் யாரும் அளக்க வேண்டியிருக்கவில்லை.

நம் ஆட்களில் சிலருக்கு ஒரு பயம் உண்டு: நம் பிள்ளை அந்த வகுப்பில் இருக்கிறதே, இந்தக் குழு அதை இழுத்து மூடிவிடுமோ? ப்ரோவர்ட்டில் வகுப்பை மூடவில்லை, வாசலைத்தான் அகலப்படுத்தினார்கள். அந்தப் பயத்தோடு வீட்டிலேயே இருப்பதைவிட, குழுவுக்குள் வந்து கேள்வி கேட்பது நல்லது.

தொடங்கும் முன் சட்டம்

சலிப்பான படிதான். ஆனால் இன்றைய நிலையில் இதைத் தாண்டிப் போக முடியாது. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தில் ஆறாம் அத்தியாயம் என்று ஒன்று உண்டு. ஃபெடரல் அரசின் பணம் வாங்கும் எந்தத் திட்டமும் இனம், நிறம், பூர்விக நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது என்கிறது அது. பொதுப் பள்ளிகள் அனைத்தும், அரசு மானியம் வாங்கும் சமூக அமைப்புகள் பலவும் இதற்குள் அடக்கம். உங்கள் குழுவின் அடித்தளமும் இதுதான், எல்லைக்கோடும் இதுதான்.

மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறுகிறது. டென்னசி, ஓக்லஹோமா, டெக்சஸ் 2021இலும் ஃப்ளோரிடா 2022இலும், இனம் பற்றி வகுப்பிலும் பயிற்சியிலும் என்ன பேசலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைக் கொண்டுவந்தன. வாஷிங்டன் மாநிலமோ அதே 2021இல் பள்ளி ஊழியர்களுக்குச் சமத்துவப் பயிற்சி வேண்டும் என்று சட்டம் போட்டது. 2025 பிப்ரவரியில் ஃபெடரல் கல்வித் துறை, இனத்தைக் கணக்கில் எடுக்கும் திட்டங்களை நிறுத்தச் சொல்லிப் பள்ளிகளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேரிலாந்தில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொன்னது. இப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை காற்று திசை மாறுவதால், உங்கள் பள்ளி மாவட்டத்தின் வழக்கறிஞரிடம் தொடக்கத்திலேயே ஒருமுறை பேசிவிடுங்கள்.

அவர் அநேகமாகச் சொல்லப்போவது இதுதான். குழுவில் சேரும் வாய்ப்பு எல்லா இனத்தவருக்கும் திறந்திருக்க வேண்டும். இனத்தைப் பார்த்து எந்தச் சலுகையும் கொடுக்கவோ மறுக்கவோ கூடாது. வெள்ளையர் ஒரு அறை, மற்றவர் ஒரு அறை என்று பிரித்து உட்கார வைக்கும் அமர்வுகளைச் சில பயிற்சி நிறுவனங்கள் விரும்பும். அதில் மனம்விட்டுப் பேச முடிகிறது என்பது உண்மைதான். ஆனால் பொதுப் பள்ளியில், வேலை நேரத்தில், கட்டாயமாக நடத்தினால் வழக்கை நீங்களே வாசலுக்கு அழைப்பது போல் ஆகும். தவிர்த்துவிடுங்கள். குழுவின் பெயரில் எந்தச் சொல் இருக்கலாம், எது கூடாது என்று சண்டை வந்தாலும் விட்டுக்கொடுங்கள். பெயருக்காகச் செலவழிக்கும் மாதங்கள் திரும்பி வராது.

யார் யாரைச் சேர்ப்பது

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் கூட்டம் நடத்துவதே வேலையாகிவிடும். முதல்வர் இருக்க வேண்டும், அல்லது முதல்வர் இல்லாமலே முடிவெடுக்க அவரால் எழுத்தில் அனுமதிக்கப்பட்ட ஒருவர் இருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் துணை முதல்வர் கண்டிப்பாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் பார்க்கப்போகும் எண்களில் பாதி அவர் கையெழுத்தில் பிறந்தவை. இரண்டு மூன்று ஆசிரியர்கள், மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஒருவர், பள்ளியின் டேட்டாவை எடுத்துத் தரத் தெரிந்த ஒருவர்.

பலரும் மறப்பது முன் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரை. எந்தப் பெற்றோரை உட்காரச் சொல்கிறார்கள், எந்தப் பெற்றோரிடம் அடையாள அட்டை கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பேருந்து ஓட்டுநருக்கும் உணவுக்கூட ஊழியருக்கும் வகுப்பறைக்குள் தெரியாத பல விஷயங்கள் தெரியும். உயர்நிலைப் பள்ளி என்றால் மாணவர்களைச் சேருங்கள். ஆனால் ஒரே ஒரு மாணவரை மட்டும் பெரியவர்கள் நடுவே உட்கார வைக்காதீர்கள். குறைந்தது இருவர் வேண்டும்.

பெற்றோர் விஷயத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. ஏற்கெனவே பெற்றோர் சங்கத்தில் இருப்பவர்களையே அழைத்துவிடுவார்கள். அவர்களுக்குத்தான் கூட்டத்துக்கு வர நேரமும் வண்டியும் மொழியும் இருக்கின்றன. அந்தக் குரல் பள்ளிக்கு முன்பே கேட்டுக்கொண்டிருப்பதுதான். கேட்காத குரல் வேண்டுமென்றால் மாலை ஆறு மணிக்குக் கூட்டம், சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், மொழிபெயர்ப்பாளர், வருபவர்களுக்கு ஒரு தொகை ஆகிய எல்லாம் வேண்டும். ஆசிரியர்களுக்குச் சம்பளம், பயிற்சியாளருக்குக் கட்டணம், பெற்றோருக்கு மட்டும் சேவை மனப்பான்மையா? பெற்றோரின் மொழியில் பேசுவது பள்ளியின் பெருந்தன்மை அல்ல. ஆறாம் அத்தியாயத்தின்படி அது பள்ளியின் கடமை. பிள்ளையையே மொழிபெயர்க்க வைப்பதும் கூடாது.

இன்னொன்று. அமெரிக்கப் பொதுப் பள்ளி மாணவர்களில் வெள்ளையர் 2014ஆம் ஆண்டிலிருந்தே பாதிக்கும் குறைவு. ஆசிரியர்களிலோ 2020-21 கணக்குப்படி 80 சதவீதம் பேர் வெள்ளையர். அதனால் பல பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், எல்லாக் குழுவிலும் அவர்கள் பெயரையே எழுதுவார்கள். அவர் சேர விரும்பினால் வேறொரு பொறுப்பைக் குறைத்துக்கொடுங்கள். விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள். தன் இனத்தார் அனைவருக்கும் பதில் சொல்ல அவர் வேலைக்குச் சேரவில்லை.

அதிகாரத்தை எழுத்தில் வாங்குங்கள்

முதல் பயிற்சிக்கு முன்பே ஒரு பக்கக் கடிதம் ஒன்றில் முதல்வரோ பள்ளி மாவட்டத்தின் தலைவரான சூப்பரின்டென்டென்ட்டோ கையெழுத்திட வேண்டும். குழு தானாக எதை மாற்றலாம், எதைப் பரிந்துரை மட்டும் செய்யலாம், பரிந்துரைக்கு எத்தனை நாளில் பதில் வரும், எந்தெந்த டேட்டாவைப் பார்க்கலாம், எவ்வளவு பணம் இருக்கிறது என்ற ஐந்தும் அதில் இருக்கட்டும். பரிந்துரையை ஏற்கவில்லை என்றால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்ற ஒரு வரியையும் சேர்க்கப் பாருங்கள்.

நிறுவனங்களை வைத்து நடந்த ஆய்வும் இதையே சொல்கிறது. அலெக்சாண்ட்ரா காலெவ், ஃப்ராங்க் டாபின், எரின் கெல்லி மூவரும் 700க்கும் மேற்பட்ட தனியார் நிறுவனங்களின் முப்பதாண்டு விவரங்களை எடுத்து 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நிர்வாகப் பதவிகளில் பெண்களும் கறுப்பினத்தவரும் அதிகமாக எது உதவியது என்பது கேள்வி. பயிற்சி வகுப்புகளால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இதற்கு இன்னார் பொறுப்பு என்று ஆளையோ குழுவையோ நியமித்த இடங்களில்தான் மாற்றம் தெரிந்தது. அப்படிப் பொறுப்பு இருந்த இடங்களில் பயிற்சியும் முன்னைவிடப் பலன் தந்தது.

பயிற்சியை எப்படி வடிவமைப்பது

ஒரே நாளில் எட்டு மணி நேரம் உட்கார வைக்கும் வொர்க்‌ஷாப் வேண்டாம். இரண்டு மணி நேர அமர்வுகளாகப் பிரித்து, நடுவே செய்துவர ஒரு வேலையும் கொடுங்கள்.

முதல் அமர்வு உங்கள் ஊர்ப் பள்ளி மாவட்டத்தின் வரலாறு. நாட்டின் வரலாற்றை முழுக்கச் சொல்லப் போனால் கேட்பவருக்கு அது எங்கோ நடந்த கதையாகத் தோன்றும். 1930களில் ஃபெடரல் வீட்டுக்கடன் அமைப்பு நகரங்களை நான்கு நிறமாகப் பிரித்து வரைபடம் போட்டது. சிவப்பு என்றால் அங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் ஏறக்குறைய எங்கும் சிவப்பாயின. ரிச்மண்ட் பல்கலைக்கழகம் அந்த வரைபடங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் நகரம் அதில் இருந்தால் எடுத்து, இன்றைய பள்ளி எல்லைக்கோடுகளின் மேல் வைத்துப் பாருங்கள். பல இடங்களில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். அந்த ஒரு படம் போதும், மீதிப் பேச்சு தானாக வரும்.

கூடவே மூன்று தீர்ப்புகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1954இன் பிரவுன் வழக்கு பள்ளிகளை இனவாரியாகப் பிரிப்பது செல்லாது என்றது. அது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு தென் மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டு, பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள் என்பது அவ்வளவாகத் தெரியாது. இரண்டாவது, சொத்து வரியை நம்பிப் பள்ளிக்குப் பணம் ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்ற 1973 ரோட்ரிகஸ் தீர்ப்பு. மூன்றாவது, நகரத்தையும் புறநகர்களையும் சேர்த்து மாணவர்களைக் கலப்பதற்குத் தடை போட்ட 1974 மில்லிகன் தீர்ப்பு. சட்டப்படி பிரிவினை ஒழிந்த பின்னும் பள்ளிகள் ஏன் இன்னும் பிரிந்தே கிடக்கின்றன என்று குழுவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். அதற்குப் பெரும்பாலான பதில் பின்னால் சொன்ன இந்த இரண்டு தீர்ப்புகளில் இருக்கிறது.

இரண்டாம் அமர்வு பேசிப் பழகுவதற்கு. இங்கே ஒரு விதியை மட்டும் கறாராக வையுங்கள்: மனிதரின் குணத்தைப் பற்றிப் பேசக் கூடாது, நடந்ததைப் பற்றியும் அதன் விளைவைப் பற்றியும் பேச வேண்டும். “நீங்கள் இனவாதி” என்ற வார்த்தை வந்த நொடியில் கூட்டம் நீதிமன்றமாகிவிடும். “இந்தப் படிவத்தால் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் இலவச உணவுக்கு விண்ணப்பிக்கவே இல்லை” என்றால் எல்லோரும் படிவத்தைப் பார்ப்பார்கள்.

ஒளிந்திருக்கும் சார்பைக் கணினியில் அளக்கும் ஒரு சோதனை 1998 முதல் பிரபலம். பயிற்சியாளர்கள் பலர் அதையே முதல் நாள் விருந்தாக வைப்பார்கள். பேச்சைத் தொடங்கி வைக்க அது உதவலாம். ஆனால் ஒரே ஆள் இரண்டு முறை செய்தால் இரண்டு விடை வருவது சாதாரணம். கிட்டத்தட்ட 500 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வந்த ஓர் ஆராய்ச்சி, அந்த அளவுகோலில் எண் மாறினாலும் நடத்தை மாறியதாகத் தெரியவில்லை என்றது. யாருடைய மதிப்பெண்ணையும் கூட்டத்தில் சொல்ல வைக்காதீர்கள்.

வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைக்கிறீர்கள் என்றால் ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் பயிற்சிக்குப் பிறகு எந்தப் பள்ளியில் எந்த விதி மாறியது? பங்கேற்றவர்கள் எவ்வளவு நெகிழ்ந்தார்கள் என்று பதில் வந்தால், காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

எண்களைப் படிப்பது

மூன்றாம் அமர்விலிருந்து வேலை ஆரம்பம். புதிதாக வருபவர்கள் பயப்படும் இடமும் இதுதான். பயப்பட ஒன்றுமில்லை, கூட்டல் வகுத்தல் தெரிந்தால் போதும்.

ஃபெடரல் கல்வித் துறை 1968 முதல் பள்ளிகளிடமிருந்து குடிமை உரிமை விவரங்களைச் சேகரித்து வருகிறது. உங்கள் பள்ளியின் பெயரைத் தட்டினால் யார் சஸ்பென்ட் ஆனார்கள், யார் உயர்நிலைக் கணித வகுப்பில் இருக்கிறார்கள் என்று இனவாரியாக யாரும் பார்க்கலாம். 2017-18 தொகுப்பில், நாடு முழுவதும் மாணவர்களில் கறுப்பினத்தவர் 15 சதவீதம், ஆனால் பள்ளிக்கு வராதே என்று சஸ்பென்ட் செய்யப்பட்டவர்களில் 38 சதவீதம். மழலையர் வகுப்பிலும் இதே கதைதான்: சேர்க்கையில் 18 சதவீதம், சஸ்பென்ஷனில் 43 சதவீதம். நான்கு வயதுக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் அளவுக்கு அப்படி என்ன குற்றம் என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் பள்ளிக்குக் கணக்குப் போடுவது எப்படி? ஒரு கற்பனைப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 600 மாணவர்கள், அதில் 90 பேர் கறுப்பினத்தவர். ஓராண்டில் 60 பேர் சஸ்பென்ட், அதில் 24 பேர் கறுப்பினத்தவர். 24ஐ 90ஆல் வகுத்தால் 26.7 சதவீதம். மற்றவர்கள் 510 பேரில் 36 பேர், அதாவது 7.1 சதவீதம். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 3.8 வருகிறது. இந்தப் பள்ளியில் ஒரு கறுப்பினப் பிள்ளை சஸ்பென்ட் ஆகும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைப்போல் நான்கு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. 1 வந்தால் சமம் என்று பொருள். இந்த ஒரு எண்ணை ஒவ்வொரு காலாண்டும் சுவரில் எழுதிவையுங்கள்.

ஒரு பிரிவில் ஏழெட்டுப் பிள்ளைகள்தான் என்றால் இந்த எண் தாறுமாறாக ஆடும். ஒரே ஒரு பையனின் மோசமான வருடம் மொத்தக் கணக்கையும் புரட்டிவிடும். அப்போது மூன்று ஆண்டு விவரங்களைச் சேர்த்துப் பாருங்கள். அதோடு, மாணவர் பதிவுகளைக் காக்கும் 1974 ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டத்தையும் மறக்கக் கூடாது. எண்ணிக்கை மிகச் சிறியதாக இருந்தால் அது எந்தப் பிள்ளை என்று ஊருக்கே தெரிந்துவிடும். பத்துக்குக் கீழே உள்ள எண்களைப் பெற்றோர் இருக்கும் கூட்டத்தில் காட்டாமலிருப்பது பாதுகாப்பு.

மொத்த எண்ணோடு நின்றால் “ஆமாம், வருத்தமாகத்தான் இருக்கிறது” என்று எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைவார்கள். அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எந்தக் காரணத்துக்காக? ரசல் ஸ்கிபாவும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 2002இல் கண்டது இது: வெள்ளை மாணவர்கள் புகைபிடித்தல், பொருளை உடைத்தல், அனுமதியின்றி வெளியேறுதல் போன்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய குற்றங்களுக்காக அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கறுப்பின மாணவர்கள் மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம், மிரட்டும் தோரணை போன்று ஒருவர் தீர்மானித்தால்தான் குற்றமாகும் காரணங்களுக்காக அனுப்பப்பட்டார்கள். உங்கள் பள்ளியின் பட்டியலிலும் இந்த இரண்டு வகையைத் தனித்தனி நிறத்தில் குறித்துப் பாருங்கள்.

அப்புறம் நேரமும் இடமும். ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் மகின்டாஷ் சொல்வது, சார்பு நாள் முழுக்க ஒரே அளவில் வேலை செய்வதில்லை, ஆள் களைத்திருக்கும்போதும் அவசரத்தில் இருக்கும்போதும் தலைதூக்குகிறது என்று. மதிய உணவுக்குப் பிந்தைய பீரியடில்தான் பெரும்பாலான அனுப்புதல்கள் நடக்கின்றன என்று தெரிந்தால், யாரையும் குற்றவாளியாக்காமல் அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு மாற்று ஏற்பாடு செய்யலாம். உதாரணமாக, அந்தப் பீரியடில் ‘மரியாதைக் குறைவு’ என்று அனுப்பும் முன் பக்கத்து வகுப்பு ஆசிரியரை அழைத்து இரண்டு நிமிடம் பார்க்கச் சொல்லலாம். சின்ன ஏற்பாடுதான், ஆனால் கோபம் தணிய அந்த இரண்டு நிமிடம் பல நேரம் போதும்.

ஒரே ஒரு விதியைப் பிடியுங்கள்

இந்த இடத்தில் எல்லாக் குழுக்களுக்கும் ஆசை வந்துவிடும். பாடத்திட்டம், ஆள் சேர்ப்பு, உடைக் கட்டுப்பாடு, பேருந்து வழித்தடம் என்று பதினைந்து இலக்குகளை எழுதுவார்கள். ஓராண்டுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பது, ஆண்டுக்குள் அளக்கக்கூடியது, நிறையப் பிள்ளைகளைத் தொடுவது என்ற மூன்றும் சேர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் பள்ளியில் சேரும்போது கொடுக்கும் படிவத்திலிருந்து தொடங்கலாம். சமூகப் பாதுகாப்பு எண் கேட்கிறதா? ஆவணமற்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளியில் இடம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1982இல் ப்ளைலர் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த எண் இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. ஆனால் கட்டம் ஒன்று காலியாக இருந்தால் போதும், பயந்தவர் திரும்பிப் போய்விடுவார். அடுத்தது உடையும் தலைமுடியும். பின்னிய சடைக்கும் சுருண்ட முடிக்கும் தடை போடும் விதிகள் பல பள்ளிகளின் கையேட்டில் இன்னும் இருக்கின்றன. 2019இல் கலிஃபோர்னியா இதைப் பாகுபாடு என்று சட்டமாக்கியது, பின்னர் பல மாநிலங்கள் தொடர்ந்தன. உங்கள் மாநிலமும் அதில் இருந்தால், கையேட்டைத் திருத்துவது ஒரு மாலை நேர வேலை.

சஸ்பென்ஷனையே எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால், கலிஃபோர்னியாவின் பாதை பார்க்கத் தகுந்தது. ‘வேண்டுமென்றே கீழ்ப்படியாமை’ என்ற காரணத்துக்காக மூன்றாம் வகுப்பு வரை சஸ்பென்ட் செய்யக் கூடாது என்று 2014இல் தொடங்கினார்கள். 2019இல் எட்டாம் வகுப்பு வரையும், 2023இல் பன்னிரண்டாம் வகுப்பு வரையும் நீட்டினார்கள். ஒரேயடியாகச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தண்டனைக்குப் பதில் வட்டமாக உட்கார்ந்து பேசித் தீர்க்கும் முறைக்கு இப்போது நல்ல பெயர். நானும் அதன் பக்கம்தான். ஆனாலும் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்க் பள்ளிகளில் குலுக்கல் முறையில் பள்ளிகளைத் தேர்ந்து ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. சஸ்பென்ஷன் குறைந்தது, கறுப்பின மாணவர்களுக்கும் வெள்ளை மாணவர்களுக்கும் இருந்த இடைவெளியும் குறைந்தது. ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை மதிப்பெண்கள் இறங்கின. தண்டனையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆளும் நேரமும் வைக்காவிட்டால், அந்தச் சுமை வகுப்பறையில் ஆசிரியர் தலையிலும் மற்றப் பிள்ளைகள் தலையிலும் விழுந்துவிடக்கூடும் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். விதியை மாற்றும்போதே, அதை நடத்தும் ஆள் யார், எந்த நேரத்தில் என்றும் எழுதுங்கள்.

சமூக அமைப்புகளில் என்றால்

படிகள் அதேதான், எண்கள் வேறு. சஸ்பென்ஷனுக்குப் பதிலாக மூன்று இடங்களைப் பாருங்கள்: நிர்வாகக் குழுவில் யார் இருக்கிறார்கள், பணம் யாருக்குப் போகிறது, வேலைக்கு யார் எடுக்கப்படுகிறார்கள்.

ஆள் சேர்ப்பில் கை வைப்பது எளிது. 2004இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே மாதிரி விண்ணப்பங்களை வெள்ளையர் பெயரோடும் கறுப்பினத்தவர் பெயரோடும் பாஸ்டனுக்கும் சிகாகோவுக்கும் அனுப்பினார்கள். வெள்ளையர் பெயருக்கு 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. நம் நீளப் பெயர்களைப் பார்த்ததும் விண்ணப்பம் எந்தப் பக்கம் வைக்கப்படுகிறதோ, அது வேறு கதை. முதல் சுற்றில் பெயரை மறைத்துப் படியுங்கள். நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள். பதிலுக்கு மதிப்பெண்ணை அங்கேயே போடுங்கள், பேசி முடித்த பின் அல்ல. ‘நம் அமைப்புக்குப் பொருந்துவாரா’ என்ற கேள்வியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தக் கேள்விக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

தமிழ் அமைப்புகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இனப் பாகுபாட்டைப் பற்றி மேடை போட்டுப் பேசும் நாம், நம் சங்கங்களின் நிர்வாகக் குழுப் பட்டியலைச் சாதி என்ற கண்ணால் எப்போதாவது பார்த்திருக்கிறோமா? 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அமெரிக்க நகரங்களில் அதுதான் முதல். அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய இதே போன்ற மசோதாவை ஆளுநர் கையெழுத்திடாமல் திருப்பினார். சட்டம் வந்தாலும் வராவிட்டாலும், மேலே சொன்ன மூன்று கேள்விகளும் நம் அமைப்புகளுக்கும் பொருந்தும்.

எதிர்ப்பு வரும்போது

வரும். சில நேரம் ஸ்கூல் போர்டு கூட்டத்தில் ஒலிபெருக்கி வழியாக, சில நேரம் சக ஆசிரியரின் மௌனமாக. எல்லா எதிர்ப்பும் கெட்ட எண்ணத்தில் வருவதில்லை. “என் வகுப்பில் முப்பது பேர், இதில் இதுவும் வேறா?” என்று கேட்கும் ஆசிரியருக்குத் தேவை விளக்கவுரை அல்ல, உதவி ஆள். அதைக் கேட்டு வாங்கிக் கொடுத்தால் அவரே உங்கள் பக்கம் வருவார்.

வெளியாட்கள் கேட்டால் காட்ட இரண்டு தாள் தயாராக இருக்கட்டும். ஒன்றில் நீங்கள் மாற்றும் விதி, பழைய வாசகமும் புதிய வாசகமும் பக்கம் பக்கமாக. இன்னொன்றில் காலாண்டு எண்கள். குழுவின் ஆவணங்கள் பொதுத் தகவல் சட்டத்தின் கீழ் யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியவையாக இருக்கலாம் என்பதால், எழுதும் மின்னஞ்சல் ஒவ்வொன்றையும் நாளை பத்திரிகையில் வந்தாலும் பரவாயில்லை என்ற அளவில் எழுதுங்கள்.

கை மாறும்போது

பள்ளிகளில் முதல்வர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதல்வர் போனதும் குழு மறைந்துபோவது வழக்கமான முடிவு. ப்ரோவர்ட்டில் நடந்ததுபோல் பணம் குறையும்போதும் முதலில் வெட்டுப்படுவது இப்படிப்பட்ட நடைமுறைகள்தான். எனவே மாற்றிய விதி கையேட்டில் ஏறியிருக்க வேண்டும், முடிந்தால் ஸ்கூல் போர்டின் தீர்மானமாக. அதற்கான செலவு சிறப்பு மானியத்தில் தொங்காமல் பள்ளியின் வழக்கமான பட்ஜெட் வரியில் இருக்க வேண்டும். கையெழுத்தான அதிகாரக் கடிதம், கணக்குப் போடும் முறை, காலாண்டு எண்கள், எடுக்கப்படாத பரிந்துரைகளும் அவற்றுக்குச் சொன்ன காரணங்களும் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். ஆண்டுதோறும் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பேர் மாறும்படி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வருபவருக்கு முதல் நாளே அந்தக் கோப்பைக் கொடுத்து, சென்ற காலாண்டின் கணக்கை அவர் கையாலேயே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.